ஒக்டோபர் 30இல் முகமூடி போடப் போகிறவர்களுக்கு



நீளமான பதிவு. முழுக்க வாசிக்க நேரமில்லாதவர்கள் கொமென்டும் போடாமல் போனால் பெரிய உதவி.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசி வாரம் வந்தால் எங்கள் வட்ஸ்அப் குரூப்களில் ஒரே படம் சுற்றத் தொடங்கும். கறுப்புப் பின்னணி. நடுவில் சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட பூசணிக்காய். கீழே 'ஹாலோவீன் ஹராம்'. போன வருடம் வந்த அதே படம், அதே எழுத்துப்பிழை. அனுப்புகிறவர் பத்துக் குரூப்புக்குத் தள்ளிவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்துவிடுவார். அதைப் பெற்ற பிள்ளை திறந்தும் பாராமல் விட்டுவிட்டு, முகத்தில் மண்டையோடு வரைவது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்றப் பக்கம் இன்னொரு கூட்டம். "பகிடிதானே, ஒரு ராத்திரிதானே, பெடியன்களை விடுங்கோவன். எல்லாத்துக்கும் ஃபத்வாவா?" என்பவர்கள். இவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து பேசுகிறார்கள். தங்கள் பிள்ளைகள் டொரொன்டோவில் மிட்டாய் வாளியோடு நிற்கிற படத்தைப் போட்டுவிட்டு, யாழ்ப்பாணம் எப்போது முன்னேறும் என்று கேட்கிறார்கள்.

நான் ஹாலோவீனுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. ஆனால் அந்தப் பூசணிக்காய்ப் படத்தின் காரணம் என் காரணம் இல்லை. கொழும்பு ஹோட்டலில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பதும் என் கவலை இல்லை. யாழ்ப்பாண டவுனில், ஒக்டோபர் 30, 31 ஆகிய இந்த இரண்டு இரவுகளில், முகம் மறைத்து வேஷம் போட்டு ஊர் சுற்றக் கூடாது. இவ்வளவுதான் என் வாதம்.

இதை எழுதக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். இப்போது உயர்தரம் படிக்கிறான். நல்ல பிள்ளை. ஒளித்துச் செய்யாமல் வந்து கேட்டான்.

"சேர், நாங்க எட்டுப் பேர். நாலு பேர் எங்கட ஆக்கள், நாலு பேர் தமிழ்ப் பெடியன்கள். வெள்ளிதான் ஹாலோவீன், நாங்க வியாழன் ராவே தொடங்கிறம். வேஷம் போட்டு மோட்டார் சைக்கிள்ல ஒரு ரவுண்ட். ஐந்து சந்தி, நாவாந்துறை, ஆஸ்பத்திரி வீதி, பஸ் ஸ்டாண்ட். ஒருத்தரையும் தொடமாட்டம். பயப்படுத்தி வீடியோ எடுக்கிறதுதான். பிழையா சேர்?"

நாலுக்கு நாலு சேர்ந்து திரிகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முப்பது வருடத்துக்கு முன் நடக்காத காரியம். அதற்காகவே அந்தப் பிள்ளைக்கு 'ஹராம், போ' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது அவனுக்கான பதில். அவனுடைய வாப்பாவுக்கும், மற்ற ஏழு வீட்டுக்கும், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுவோம். ஹாலோவீன் அயர்லாந்துப் பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவுக்கு இருந்த பழைய வழக்கம். கிறிஸ்தவம் வந்த பிறகு நவம்பர் 1 சகல புனிதர் திருநாளானது, அதற்கு முந்திய இரவு என்ற பெயரில் இது ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்கப் போன ஐரிஷ்காரர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரேணிப்புக் கிழங்கு பூசணிக்காயாக மாறியது. மிட்டாய்க் கொம்பனிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இவ்வளவுதான் அதன் வரலாறு. இதில் எங்கள் ஈமானைக் குலைக்கிற பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, விற்பனைதான் இருக்கிறது.

பிற சமூகத்தாருக்கு ஒப்பாக நடப்பது பற்றிய ஹதீஸை நான் மறுக்கவில்லை. மௌலவிமார் சொல்லட்டும், கேட்போம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போனால் அவர்கள் போனைத் திறந்து றியாதைக் காட்டுவார்கள். 2022 ஒக்டோபர் 27, 28இல் றியாத் நகரத்தின் புலவார்ட் பகுதியில் வேஷம் போட்டு வருகிறவர்களுக்கு நுழைவு இலவசம் என்று அறிவித்து, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பேயும் பூதமுமாக நடந்தார்கள். உலகம் முழுக்க அந்தப் படங்கள் வந்தன. அங்கே ஆகுமானது இங்கே ஏன் ஆகாது என்று பதினேழு வயதுப் பிள்ளை கேட்டால், குரூப்பில் படம் அனுப்பியவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது. றியாதுக்கு இல்லாத ஒன்று எங்களுக்கு இருக்கிறது. நாங்கள் யாழ்ப்பாணத்தார்.

இந்த ஊரில் முகமூடி என்றால் என்னவென்று ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடமாவது கேளுங்கள். 'தலையாட்டி' என்று ஒரு சொல் சொல்வார்கள். இந்திய இராணுவம் இருந்த காலத்திலும், பிறகு இலங்கை இராணுவம் வந்த காலத்திலும் விடியப்புறத்தில் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச்சொல்வார்கள். வரிசையில் விடுவார்கள். வரிசைக்கு முன்னால் தலையிலிருந்து சாக்கால் மூடிய ஓர் ஆள் இருப்பார். கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அந்த ஓட்டைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்கு மேலும் கீழும் ஆடினால் ட்ரக்கில் ஏற வேண்டும். ஏறியவர்களில் சிலர் அடி வாங்கித் திரும்பினார்கள். சிலர் இன்னும் திரும்பவில்லை.

சாக்குக்குள் இருந்தது யார் என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம். அடி தாங்காமல் தலையாட்டிய கூடப்படித்தவனாக இருக்கலாம். அதுதான் அந்தப் பயத்தின் விஷம். துவக்குக்காரனை எல்லோருக்கும் தெரியும். முகமூடிக்காரனைத்தான் தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் ஆசிரியர், ஓய்வுபெற்றவர், இன்றைக்கும் முழுமுக ஹெல்மெட்டோடு ஒருவர் படலையடியில் வந்து நின்றால் ஹெல்மெட்டைக் கழற்றும் வரை கிட்டப் போகமாட்டார். தபால்காரன் என்றாலும் அப்படித்தான். அவருடைய வீடு ஆஸ்பத்திரி வீதிக்குப் பக்கத்தில். எட்டுப் பேருடைய ரவுண்டில் அவர் வீட்டு ஒழுங்கையும் வருகிறது.

அது பழைய கதை என்கிறீர்களா? புதிது ஒன்று சொல்கிறேன். 2011 ஓகஸ்ட். நோன்பு மாதம். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். அந்த எட்டுப் பேரும் அப்போது சின்னக் குழந்தைகள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய, முகம் தெரியாத ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பீதி மலையகத்திலும் கிழக்கிலும் பரவி, புத்தளத்துக்கும் வடக்குக்கும் வந்து சேர்ந்தது. 'கிறீஸ் பூதம்' என்று பெயர். எது உண்மை, எது வதந்தி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கிண்ணியாவில் சனம் கடற்படையோடு மோதியது. ஓகஸ்ட் 21இல் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். அதற்கு அடுத்த நாள் இரவு நாவாந்துறை. மர்ம மனிதர்களைத் துரத்திய சனம் இராணுவ முகாம் வரை போனது. நடுச்சாமத்துக்குப் பிறகு இராணுவமும் பொலிசும் வீடு வீடாகப் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த நோன்பில் நான் கல்வியியற் கல்லூரியில் இருந்தேன். புத்தளத்தில் எங்கள் முகாம் வீடுகளுக்குக் கதவு என்று சொல்லக்கூடிய கதவு கிடையாது. தராவீஹுக்குப் போகிற பெண்கள் கூட்டமாகப் போனார்கள், டோர்ச்சும் பொல்லும் எடுத்துக்கொண்டு. உம்மா தலைமாட்டில் கத்தி வைத்துப் படுத்ததை ராத்தா போனில் சொன்னாள். அறுபது வயது மனுசி, யாரை வெட்டப் போகிறா?

பிள்ளைகளே, நாவாந்துறையில் இரவு பத்து மணிக்கு முகம் மறைத்த எட்டுப் பேர் சத்தம் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் முதலில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிரிப்பார்கள், கைதட்டுவார்கள் என்றா? அங்கே 2011இல் இழுபட்டுப் போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கைக்கு எட்டுகிற தூரத்தில் துடுப்பும் பொல்லும் இருக்கும். உங்களுக்கு அடி விழுந்தால் அதற்குப் பிறகு 'முஸ்லிம் பெடியன்களுக்கு அடி', 'தமிழ்ப் பெடியன்களுக்கு அடி' என்று இரண்டு விதமாகப் போஸ்ட் வரும். நாலுக்கு நாலு என்ற உங்கள் கணக்கு அந்த இரவோடு முடியும்.

"அப்படியென்றால் வேஷமே கூடாதா? எங்கள் ஊரில் கூத்து இல்லையா? முந்தநாள்தானே கோயில்களில் சூரன் போர் நடந்தது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கூத்துக்கு வேஷம் கட்டுகிறவன் யாருடைய மகன் என்று மேடைக்கு முன்னால் பாயில் இருக்கிற கிழவிக்குத் தெரியும். ராஜா உடுப்போடு வந்து அவளிடமே வெற்றிலை வாங்கிப் போடுவான். சூரனுக்குத் தலை மாறுகிறபோது அதைத் தூக்கி ஆட்டுகிற இளந்தாரிகளின் தோளும் முகமும் வெளியேதான் இருக்கின்றன. பட்டப்பகலில், சனத்துக்கு நடுவில், தொடக்கமும் முடிவும் உள்ள காரியம். பார்க்கிறவர் பார்க்க வந்திருக்கிறார். நீங்கள் செய்யப் போவது வேறு. ஒன்றும் அறியாமல் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு முன்னால் திடீரென்று பாய்வது. அவர் பயப்படுவதுதான் உங்கள் வீடியோ.

இதற்குத்தான் மார்க்கத்தில் நேரடியான பதில் இருக்கிறது. அந்தப் பூசணிக்காய்ப் படத்தில் அது இல்லை. அபூதாவூதில் வருகிற ஒரு சம்பவம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோடு பயணம் போன தோழர்களில் ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவர் விளையாட்டாக அவருடைய கயிற்றை எடுத்தார். தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்தார். அவ்வளவுதான் நடந்தது. இரத்தமில்லை, திருட்டில்லை, வெறும் பகிடி. அதற்கே, ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் கண்டித்தார்கள். முஸ்லிமல்லாத அயலவரைப் பயமுறுத்தலாம் என்று இதற்கு அர்த்தம் எடுக்கிறவர் இருந்தால், அவர் அயலவர் உரிமை பற்றிய பாடத்தை என் ஆறாம் தரப் பிள்ளைகளோடு வந்திருந்து படிக்கட்டும். வேஷம் யாருடையது என்பதை விட, அதனால் யார் நடுங்குகிறார் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

இனித் திகதிக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. முற்பகல். சோனகத்தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் வந்தன. எல்லோரும் உஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும். ஏதோ கூட்டம் என்று நினைத்துப் போனார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். போனவர்களுக்கு விடுதலைப் புலிகள் சொன்னது, இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது. சாவகச்சேரி முஸ்லிம்கள் அதற்கு இரண்டு வாரம் முந்தி, 15ஆம் திகதியே அனுப்பப்பட்டிருந்தார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று அந்த மாதத்துக்குள் வட மாகாணத்திலிருந்து போன முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். உடுத்த உடுப்பு, கையில் சில நூறு ரூபா. நகையெல்லாம் வைத்துவிட்டுப் போக வேண்டும். காதில் கிடந்த தோட்டையும் கழற்றினார்கள்.

எனக்கு அப்போது இரண்டு வயது. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. உம்மாவுடைய காது மடலில் இருக்கிற வெட்டு மட்டும் தெரியும்.

அந்த இரவு சோனகத்தெருவில் விளக்கேற்ற ஆளில்லை. பள்ளிவாசல்களில் மஃரிப் பாங்கு சொல்ல ஆளில்லை. தலைமுறைகளாகச் சனம் இருந்த தெரு, மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில் வெறுமையானது. பேய் உலாவுகிற தெரு வேண்டுமென்றால் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். முகமூடி தேவைப்பட்டிருக்காது.

1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. சரியாக ஐந்து வருடம், அதே திகதி. 'ரிவிரெச' நடவடிக்கையில் இராணுவம் யாழ் நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒலிபெருக்கி. மறுபடியும் உடனே வெளிக்கிடுங்கள். இந்தத் தடவை தமிழ்ச் சனம். நகரமும் வலிகாமமும் சேர்ந்து நான்கைந்து இலட்சம் பேர், 30ஆம் திகதி பின்னேரம் தொடங்கி 31 விடிந்த பிறகும், மழைக்குள், இருட்டுக்குள், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போனார்கள். நடந்து போனார்கள் என்று சொல்வதும் சரியில்லை. அடி வைக்க இடமில்லாமல் நின்று நின்று நகர்ந்தார்கள். சைக்கிளில் கட்டிய மூட்டைக்கு மேல் பாட்டி, கரியரில் பிள்ளை. அந்த வெளியில் பிரசவித்தவர்களையும் செத்தவர்களையும் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என் பள்ளிக்கூட ஓய்வறையிலேயே சொல்ல ஆள் இருக்கிறார். டிசம்பர் 5ஆம் திகதி இராணுவம் கொடியேற்றியபோது பார்க்க நகரத்தில் சனமில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. எங்களை அனுப்பியது அந்நியர் என்று சொல்லி. அவர்களைக் கூட்டிப்போனது தங்கள் சனம் என்று சொல்லி. அவர்களில் பெரும்பகுதியினர் அடுத்த வருடம் ஏப்ரல், மே மாதங்களில் வீடு திரும்பினார்கள். எங்களுக்கு அந்தப் பாதை திறக்க ஏறத்தாழ இருபது வருடம் எடுத்தது. வந்தவை சில நூறு குடும்பங்கள்தான். மிச்சப்பேர் இன்றைக்கும் புத்தளத்தில் 'அகதி' என்ற பட்டத்தோடு. வித்தியாசம் பெரியது. அதைப் பூசி மெழுகுகிற ஒற்றுமைப் பேச்சு எனக்கு ஒத்துவராது. ஆனால் திகதி ஒன்று. இந்த நகரம் ஒரே திகதியில் இரண்டு தரம் காலியானது. அந்த எட்டுப் பேரில் ஒருவனாவது இதை வீட்டில் முழுதாகக் கேட்டிருந்தால், 30ஆம் திகதி இரவைப் பார்த்து ரவுண்ட் போடத் தேர்ந்திருக்கமாட்டான்.

அதற்கு மேல் இந்த வருடம். 2025. பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டினார்கள், மனித எலும்பு வந்தது. நீதிமன்ற உத்தரவோடு அகழ்ந்தார்கள். செப்டெம்பர் மாதத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். சின்னப் பிள்ளைகளுடையவையும். நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று. விளையாட்டுப் பொம்மை ஒன்று. எங்கள் டவுனிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். காணாமல் போன மகனின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அந்த மயான வாசலில் தாய்மார் நின்ற படங்களை நீங்களும் பகிர்ந்தீர்கள்.

இந்த வருடம், இந்த ஊரில், எலும்புக்கூடு அச்சடித்த கறுப்பு ரீசேட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றலாம் என்கிறீர்களா? அங்கே நிற்கிற பெண்களில் யாருடைய தம்பி எந்தக் குழிக்குள் கிடந்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? அவளுக்கே தெரியாது. டீஎன்ஏ முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

"எங்கேயும்தான் நடக்குது" என்கிறவர்களுக்கு: சோகம் நடந்த ஊர்கள் தங்கள் ஹாலோவீனைப் பற்றி யோசிக்காமல் இருக்கவில்லை. 2022 ஒக்டோபர் 29இல் சியோல் நகரத்தின் இதேவோனில் ஹாலோவீன் கூட்டம் ஓர் ஒடுங்கிய சந்துக்குள் நெரிந்து 159 பேர் இறந்தார்கள். அதில் எங்கள் நாட்டுப் பிள்ளை ஒன்றும் உண்டு, கண்டிப் பக்கத்தவர், உழைக்கப் போனவர். அடுத்த வருடம் டோக்கியோவில் ஷிபுயா மேயர், ஹாலோவீனுக்கென்று தயவுசெய்து எங்கள் பகுதிக்கு வரவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் மௌலவி இல்லை, பழமைவாதியும் இல்லை. தன் ஊர் தெருக்களின் அகலம் தெரிந்தவர். எங்கள் தெருக்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கும் உரிமை உண்டு.

இவ்வளவும் பிள்ளைகளுக்கு. இனிப் பெரியவர்களுக்கு. இந்தப் பகுதியை வாசிக்காமல் மேலே உள்ளதை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து 'சேர் நல்லாக் கொடுத்திருக்கிறார்' என்று சுற்றவிட வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி. கடந்த ஐந்து வருட ஒக்டோபர் கடைசி ஜும்ஆக்களில் எத்தனை குத்பாவில் 1990 வந்தது? பிறை, ஜமாஅத் சண்டை, தொப்பி, விரல் அசைப்பது, இவற்றுக்கெல்லாம் மைக் கிடைத்தது. எங்கள் சொந்த ஹிஜ்ரத்துக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது? 'கறுப்பு ஒக்டோபர்' என்று கூட்டம் போடுகிறவர்களிடமும் கேட்கிறேன். அரசியல்வாதிக்கு முன்வரிசை, அவருக்குப் பொன்னாடை, முக்கால் மணித்தியாலப் பேச்சு, போன வருட அறிக்கையில் திகதியை மாற்றி இன்னோர் அறிக்கை. பிள்ளைகள் பின்வரிசையில் பணிசும் நெஸ்கபேயும் வைத்துக்கொண்டு போன் பார்க்கிறார்கள். அவர்களில் குற்றமில்லை. அங்கே பேசப்படுவது காணி உறுதியும் கோட்டாவும். அவை வேண்டியவைதான், ஆனால் ஒரு பிள்ளைக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை.

பாடப்புத்தகத்திலும் தேட வேண்டாம். 11ஆம் தர வரலாற்றில் பிரெஞ்சுப் புரட்சி உண்டு, ரஷ்யப் புரட்சி உண்டு. ஜின்னா மைதானம் கிடையாது. நாவற்குழிப் பாலமும் கிடையாது. பாஸ்டில் சிறை எந்தத் திகதியில் உடைந்தது என்று என் மாணவர்கள் தூக்கத்தில் சொல்வார்கள்.

"ஏன் சின்னப் பிள்ளைகளுக்குப் பழசைக் கிளறுவான், மனசு கெட்டுப்போகும்" என்று சில வாப்பாமார் சொல்கிறீர்கள். சரி, நீங்கள் கிளறவில்லை. நடந்தது என்ன? பயப்பட ஆசைப்படுகிற வயது அது. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அந்த ஆசை உண்டு. உம்மம்மாமார் ஜின் கதை சொன்னார்கள், தமிழ் வீடுகளில் பனங்கூடல் முனியின் கதை சொன்னார்கள், பிள்ளைகள் பாயை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் கேட்டார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டீர்கள், அதில் பிளாஸ்டிக் பேய் வந்து குடியேறிவிட்டது. குடியேறிய பிறகு அதற்கு 'ஹராம்' நோட்டீஸ் ஒட்டுகிறீர்கள்.

பக்கத்தில் பாருங்கள். எங்கள் கத்தோலிக்க அயலவர்கள் நவம்பர் 2ஆம் திகதி, சகல ஆத்துமாக்கள் தினத்தில், சேமக்காலைக்குப் போவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே கல்லறையில் புல்லுப் பிடுங்கி, வெள்ளையடித்து, பின்னேரத்தில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். இது உங்கள் அப்புவுடைய அப்பு, இது ஷெல்லில் போன மாமி என்று காட்டுவார்கள். ஹாலோவீனைப் பெற்ற அதே திருநாட்கள்தான். இங்கே அதற்கு முகமூடி வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய நம்பிக்கை வேறு, எங்களுடையது வேறு. ஆனால் செத்தவர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிற வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவைக் காட்டி, பண்பாட்டுக் காவலர் என்று பொல்லெடுத்துக்கொண்டு பெடியன்களை மறிக்க எவரும் கிளம்பக் கூடாது. முஸ்லிம் பக்கத்திலும் சரி, தமிழ்ப் பக்கத்திலும் சரி. இன்னோர் ஆள் எதை உடுக்க வேண்டும் என்று தெருவில் தீர்மானிக்கிற கூட்டத்தால் இந்த ஊர் பட்டது போதும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முகம் மூடிய எங்கள் பெண்கள் பஸ்ஸில் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. நான் கேட்பது தடை இல்லை. பொலிசுக்கு அறிவிக்கவும் இல்லை. அந்த எட்டுப் பேரிடம் கேட்கிறேன், அவர்கள் முடிவெடுப்பார்கள்.

ஆகவே தம்பி, நீ கேட்டதற்கு என் பதில்: பிழை. போக வேண்டாம். வேஷம் கட்ட ஆசை இருந்தால் பள்ளிக்கூட மேடை இருக்கிறது. நாடகம் நான் எழுதித் தருகிறேன், பயமாகவே எழுதித் தருகிறேன். வீடியோ எடுக்க ஆசை இருந்தால் அதற்கும் வேலை வைத்திருக்கிறேன்.

30ஆம் திகதி வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜின்னா மைதானத்தில் என் சாதாரண தரப் பிள்ளைகளோடு இருப்பேன். பொன்னாடை இல்லை, மைக் இல்லை, அறிக்கை இல்லை. 1990இல் அந்த மைதானத்தில் நின்ற மூன்று பேர் வருகிறார்கள், இரண்டு உம்மாமார், ஒரு காக்கா. யார் எங்கே நின்றார்கள், வாகனம் எந்தப் பக்கத்தால் வந்தது, வீட்டுத் திறப்பை என்ன செய்தார்கள் என்று அந்த இடத்திலேயே நின்று சொல்வார்கள். 1995இல் நாவற்குழிப் பாலத்தை ஏழு மணித்தியாலத்தில் கடந்த என் தமிழ் சக ஆசிரியை ஒருவரும் வருகிறா. அப்போது அவவுக்கு உங்கள் வயது. கேட்கப்படாத கேள்வி என்று ஒன்றும் இல்லை, என்னவென்றாலும் கேளுங்கள்.

எட்டுப் பேரும் வாருங்கள். போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காக்காவுக்கு வயது எண்பத்திரண்டு. பள்ளிவாசலிலிருந்து இருபது கதிரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், முழங்கால் ஏலாதவர்கள் நிலத்தில் இருக்க வேண்டியதில்லை. மழை வந்தால் உள்ளே போவோம். மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம்.